தங்கமா, கிராஃபீனா, நானோகுழாயா? உயிரி உணரிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

"உணரி செய்வது என்று முடிவாகிவிட்டது. மின்முனையின் மேல் எதைப் பூசுவது என்பதில்தான் மூன்று மாதமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன்." ஆய்வுப் படிப்பின் முதலாண்டில் இருப்பவர்கள் இப்படிக் கேட்காத வாரம் அரிது. கேள்வியோடு ஒரு பட்டியலும் வந்துவிடும்: தங்க நானோதுகள், கார்பன் நானோகுழாய், கிராஃபீன், குவாண்டம் புள்ளி, காந்தத் துகள். ஒவ்வொன்றையும் புகழ்ந்து நூற்றுக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. கடைசியாக எதைப் படித்தோமோ அதுவே சிறந்தது என்று தோன்றும்.

பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பயனைத் தேடிப் போவதால் வரும் குழப்பம் இது. உண்மையைச் சொன்னால், பல ஆய்வகங்களில் அலமாரியில் எந்தப் புட்டி மிச்சம் இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. நானும் அப்படித் தொடங்கியவன்தான். எனவே பொருள்களைப் பிற்பாடு பார்ப்போம். எதை வைத்து எடைபோடுவது என்பது முதலில் தெளிய வேண்டும்.

உயிரி உணரியில் இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி அடையாளம் காண்கிறது: நொதி, எதிர்ப்பொருள், டிஎன்ஏ இழை என ஏதோவொரு உயிர்மூலக்கூறு. மறு பாதி அந்தச் சந்திப்பை மின்னோட்டமாகவோ நிறமாகவோ ஒளியாகவோ மாற்றித் தருகிறது. நானோபொருள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது. தேர்வுத்திறன் உயிர்மூலக்கூற்றிலிருந்து வருகிறது. நானோபொருள் குரலைப் பெருக்கித் தரும்; பேசுவது யார் என்று அதற்குத் தெரியாது.

பெருக்கம் எங்கிருந்து வருகிறது? ஒரு கன சென்டிமீட்டர் தங்கக் கட்டியின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே தங்கத்தை 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால் மொத்தப் பரப்பு சுமார் 600 சதுர மீட்டர். எதிர்ப்பொருள்களை நட்டுவைக்க அவ்வளவு இடம் கிடைக்கிறது. வேண்டாத புரதங்கள் வந்து ஒட்டவும் அதே அளவு இடம் கிடைக்கிறது என்பதைக் கட்டுரைகளின் அறிமுகப் பத்தி சொல்வதில்லை.

## எடைபோடும் அளவுகோல்கள்

மாதிரியில் இலக்கு எவ்வளவு இருக்கிறது? மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி இது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 மில்லிமோலார் (மோலார் என்பது லிட்டருக்கு எத்தனை மோல் என்ற செறிவு அளவு; மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ, ஃபெம்டோ என்று இறங்க இறங்க ஒவ்வொன்றும் முந்தையதில் ஆயிரத்தில் ஒன்று). புராஸ்டேட் புற்றுநோய்ச் சோதனையில் பார்க்கும் புராஸ்டேட் சார்ந்த ஆன்டிஜெனுக்கு நீண்ட காலமாகப் பயன்பட்டுவரும் எல்லை மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம், அதாவது நூறு பிக்கோமோலார் சுற்றுவட்டத்தில். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் டி புரதத்துக்கு உயர் உணர்திறன் சோதனையில் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். இது ஒரு பிக்கோமோலாருக்கும் கீழ். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆகவே "நானோமோலார் அளவிலும் குளுக்கோஸைக் கண்டறிந்தோம்" என்று யாராவது பெருமைப்பட்டால், அந்த அளவு குளுக்கோஸ் யாருடைய இரத்தத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். வியர்வையில் அளப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே இரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அப்போதும் கணக்கு மைக்ரோமோலாரில்தான், நானோமோலாரில் இல்லை.

மறுமுனையிலும் ஒரு சுவர் இருக்கிறது. ஒரு ஃபெம்டோமோலார் கரைசலில் 100 மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் இருப்பது சுமார் 60,000 மூலக்கூறுகள். அவை உங்கள் சின்னஞ்சிறு மின்முனையைத் தற்செயலாக வந்து தொட வேண்டும். கரைசலைக் கலக்காமல், ஓடவிடாமல் சும்மா வைத்திருந்தால் மணிக்கணக்காகும், சில அமைப்புகளில் நாள்கணக்காகும். உணரும் பரப்பு எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் மூலக்கூறு வந்து சேரும் வேகம் மாறாது. அங்கே பொருளை மாற்றிப் பயனில்லை. மாதிரியைக் கலக்கும் முறையை, செறிவூட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

எப்படிப் படிக்கப் போகிறீர்கள்? கண்ணாலா, ஒளிமானியாலா, மின்வேதிக் கருவியாலா, டிரான்சிஸ்டராலா? இதற்கு விடை சொன்னதுமே பட்டியலில் பாதி உதிர்ந்துவிடும்.

எந்த நீர்மத்தில்? தூய தாங்கல் கரைசலில் வேலை செய்யாத உணரி அநேகமாகக் கிடையாது. இரத்தச் சீரத்தில் ஆல்புமின் மட்டும் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. நீங்கள் தேடும் புரதம் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்றால், அதைப்போல நான்கு கோடி மடங்கு எடையுள்ள ஆல்புமின் அதே பரப்புக்குப் போட்டியிடுகிறது.

அடுத்த தொகுதியும் இப்படியே இருக்குமா? ஒரு மின்முனை அற்புதமாக வேலை செய்வது கட்டுரைக்குப் போதும். கருவிக்கு இருபது மின்முனைகள் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து வாங்கும் புட்டியிலிருந்து செய்த இருபதும் அதையே சொல்ல வேண்டும்.

கணக்கில் எழுதாத செலவு. தூய்மைப்படுத்தும் நாள்கள், பொருளின் தரத்தைச் சோதிக்க எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன் காத்திருக்கும் வரிசை, கழிவு அகற்றல், நச்சுத்தன்மைக்கு எடுக்கும் முன்னெச்சரிக்கை. விலைப்பட்டியலில் இவை இருக்காது.

## நானோவே வேண்டாம் என்ற தேர்வு

யாரும் கேட்காத இந்தத் தேர்வைத்தான் முதலில் வைக்கிறேன். லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இல் நொதி மின்முனை என்ற கருத்தை முன்வைத்தபோது நானோபொருள் என்ற பேச்சே இல்லை. பிறகு ஃபெரோசீன் போன்ற இடையூர்தி மூலக்கூறுகள் நொதியிலிருந்து எலக்ட்ரானை வாங்கி மின்முனையில் சேர்க்கும் முறை 1984இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில், 1987இல், பேனா வடிவக் குளுக்கோஸ் மானியாகவே சந்தைக்கு வந்துவிட்டது. உலகம் முழுவதும் அதிகமாகப் பயன்படும் உயிரி உணரி இன்றும் குளுக்கோஸ் பட்டைதான். அதன் அடிப்படை வேலையை நொதியும் இடையூர்தியும் அச்சிட்ட கார்பன் மையுமே முடித்துக் கொடுத்துவிடுகின்றன.

இலக்கு மைக்ரோமோலாருக்கு மேல் இருக்கிறது, அதற்கு நல்ல நொதி கிடைக்கிறது என்றால் இந்த வழியை மதித்து ஒரு வாரம் கொடுங்கள். வெற்று மின்முனையில் கிடைக்கும் சமிக்ஞையே போதும் என்று தெரிந்தால் ஓராண்டு மிச்சம். போதாது என்று தெரிந்தாலும் நட்டமில்லை. பின்னால் எந்த நானோபொருளைப் போட்டாலும் "இது இல்லாமல் எவ்வளவு?" என்று கேட்பவருக்குக் காட்ட அந்த அளவீடு தேவைப்படும்.

## தங்க நானோதுகள்

மைக்கேல் ஃபாரடே 1857இல் செய்த சிவப்புத் தங்கக் கூழ்மங்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. தங்கத்தின் குணம் அதிலேயே தெரியும்: ஒழுங்காகச் செய்தால் அசையாது. தங்க உப்பைச் சிட்ரேட்டைக் கொண்டு கொதிநிலையில் ஒடுக்கித் துகளாக்கும் முறையை டர்கெவிச் குழு 1951இல் விவரித்தது, ஃப்ரென்ஸ் 1973இல் அளவைக் கட்டுப்படுத்தும் விதத்தைச் சேர்த்தார். இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் அதே சமையல்தான் நடக்கிறது.

தங்கத்தின் பெரிய பலம் நிறம். 13 நானோமீட்டர் துகள் 520 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே ஒளியை உறிஞ்சுகிறது. ஒரு துகள் உறிஞ்சும் அளவு, சாதாரணச் சாய மூலக்கூறு ஒன்று உறிஞ்சுவதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால்தான் சோதனைப் பட்டையில் எதிர்ப்பொருள் பூசிய தங்கத் துகள்கள் நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஊர்ந்து போய் ஒரு கோட்டில் சிக்கிக்கொண்டதும், எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணுக்குச் சிவப்பு தெரிகிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகளில் பலவும், கோவிட் காலத்தில் வீடுவீடாகப் போன ஆன்டிஜென் பட்டைகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான் வேலை செய்கின்றன. நானோபொருள் பூசிய உணரிகளில் ஆய்வகத்தைத் தாண்டிப் பாமரர் கைக்கு இந்த அளவுக்குப் போனது வேறில்லை.

துகள்கள் நெருங்கினால் சிவப்பு ஊதாவாகும், பிறகு நீலமாகும். டிஎன்ஏ இழைகளை ஒட்டிய துகள்கள் இலக்கு இழையைக் கண்டதும் ஒன்றுசேர்வதை 1996இல் சாட் மிர்கின் குழு காட்டியது. அதிலிருந்து நிறமாற்ற முறைகள் பெருக்கெடுத்தன. இந்த இடத்தில் என் குறை ஒன்று உண்டு. எதையும் ஒட்டாத வெறும் சிட்ரேட் தங்கத்தில் எதை ஊற்றினாலும் நிறம் மாறும். சாப்பாட்டு உப்புக்கும் மாறும். துகள்களை விலக்கி வைத்திருப்பது அவற்றின் மேலுள்ள எதிர்மின்னூட்டம். அதைக் குலைக்கும் எதுவும் நீலத்தைக் கொண்டுவரும். "எங்கள் தங்கம் இன்ன நச்சைக் கண்டறிகிறது" என்று சொல்லும் கட்டுரையில் துகளின் மேல் அடையாளம் காணும் மூலக்கூறு எது என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது உப்புமானி.

மறைசெலவுகள் சில்லறையாக வரும், சேர்ந்தால் பெரிய தொகை. கண்ணாடிக் குடுவையை இராஜ திராவகத்தில் கழுவ வேண்டும். என் முதல் தொகுதி சாம்பல் நிறத்தில் வந்ததற்கு, வெறும் சோப்பில் கழுவிய குடுவைதான் காரணம். எதிர்ப்பொருளை ஒட்டும்போது கரைசலின் pH அளவை அந்தப் புரதத்தின் சமமின்னூட்டப் புள்ளிக்கு (புரதத்தின் நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் pH) சற்று மேலே நிறுத்த வேண்டும். ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் அந்த எண் வேறு. எவ்வளவு எதிர்ப்பொருள் போட்டால் உப்பைத் தாங்கும் என்று வரிசையாகப் பத்துக் குழாய்களில் பார்க்க வேண்டும். கூழ்மத்தை உறைய வைத்துவிட்டால் திரண்டுவிடும், திரும்பாது. டிஎன்ஏவை ஒட்டப் பயன்படும் தங்கம்–கந்தகப் பிணைப்பு வலுவானது என்று பாடநூல் சொல்கிறது. உண்மைதான், ஆனால் செல்லுக்குள் நிறைந்திருக்கும் குளுட்டாதயோன் போன்ற கந்தக மூலக்கூறுகள் மெதுவாக உங்கள் இழையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும்.

இன்னொரு பக்கம், பட்டையின் உணர்திறன் போதவில்லை என்றால் தங்கத்தை எறிய வேண்டியதில்லை. தங்கத் துகளின் மேல் வெள்ளியைப் படியவைத்துப் பல மடங்கு பெருக்கலாம். அதற்கு நேரமும் ஒரு கூடுதல் கழுவலும் செலவாகும்.

கருவி இல்லாத இடத்தில் ஆம்/இல்லை என்ற விடை வேண்டும், அல்லது எதிர்ப்பொருளோடு பழகிய கை உங்களிடம் இருக்கிறது என்றால் தங்கம். மின்முனையிலும் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் அங்கே அதற்கு நிறம் என்ற தனித்த அனுகூலம் இல்லை. மற்ற பொருள்களோடு சமமாக நின்று போட்டியிட வேண்டும்.

## கார்பன் நானோகுழாய்

ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள் உருளையாகச் சுருண்டதுபோல் இருப்பது நானோகுழாய். சுமியோ இஜிமா 1991இல் பலசுவர்க் குழாய்களை விவரித்தார், 1993இல் ஒற்றைச்சுவர்க் குழாய்கள் வந்தன. மின்முனையில் இவற்றின் புகழ் பெரும்பாலும் ஒரு விஷயத்தால் வந்தது: ஹைட்ரஜன் பெராக்சைடும் என்ஏடிஎச்சும் குறைந்த மின்னழுத்தத்திலேயே வினைபுரிகின்றன. பெராக்சைடைத் தரும் ஆக்சிடேஸ், என்ஏடிஎச் என்ற துணைமூலக்கூறைத் தரும் டிஹைட்ரஜனேஸ் நொதிகளை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது உண்மையான வரம். மின்னழுத்தம் குறைந்தால் அஸ்கார்பிக் அமிலம் போன்ற குறுக்கீடுகளும் குறையும்.

அந்த வினையூக்கம் எங்கிருந்து வருகிறது என்று ரிச்சர்ட் காம்ப்டன் குழு போன்றவர்கள் 2000களில் தோண்டிப் பார்த்தார்கள். குழாயின் மழமழப்பான சுவர் பெரிதாக எதுவும் செய்வதில்லை. முனைகளிலும் குறைபாடுகளிலும் இருக்கும் கிராஃபைட் விளிம்பு போன்ற இடங்களும், தயாரிப்பின்போது மிஞ்சிப்போன இரும்பு முதலிய உலோகத் துணுக்குகளுமே வேலை செய்கின்றன என்று தெரிந்தது. இதன் நடைமுறைப் பொருள்: வாங்கும் புட்டியின் அழுக்குக்கு ஏற்ப உணரியின் குணம் மாறும். ஒரே விற்பனையாளரிடம் வாங்கிய இரண்டு தொகுதிகளில் எனக்குச் சமிக்ஞை ஒன்றரை மடங்கு வேறுபட்டது. அமிலத்தில் கொதிக்கவைத்தால் உலோகம் குறையும், கூடவே குழாய் வெட்டுப்படும், புதுக் குறைபாடுகள் முளைக்கும்.

குழாய்கள் நீரில் கரையாது, கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும். நாஃபியான், கைட்டோசான் போன்ற பாலிமர் ஒன்றைப் போட்டு மீயொலியில் பிரிக்க வேண்டும். துளி காய்ந்ததும் விளிம்பில் வளையமாகப் படியும், நடுவில் வெறுமை. கையால் துளி விடும் முறையில் இந்தச் சிக்கலை முழுதாக வென்றவரை நான் பார்த்ததில்லை.

குளுக்கோஸ் ஆக்சிடேஸிலிருந்து இடையூர்தி இல்லாமல் நேரடியாக எலக்ட்ரான் வருகிறது என்ற கூற்றைக் கார்பன் பொருள்களைப் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி காணலாம். அந்த நொதியின் வினைமையமான எஃப்ஏடி புரதத்துக்குள் ஆழப் புதைந்திருக்கிறது. திரையில் தெரியும் அழகான இரட்டை முகடு பல வேளைகளில் நொதியிலிருந்து கழன்று கார்பனில் ஒட்டிக்கொண்ட எஃப்ஏடியுடையது. சோதிப்பது எளிது: ஆக்சிஜனை நீக்கிவிட்டுக் குளுக்கோஸைச் சேருங்கள். ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் உயரவில்லை என்றால் நொதி உங்களோடு பேசவில்லை.

டிரான்சிஸ்டராக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: கலவையாக வரும் ஒற்றைச்சுவர்க் குழாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உலோகத் தன்மையுடையது, மற்றவை குறைகடத்திகள். பிரித்தெடுத்தவற்றை வாங்க வேண்டும். உடல்நலப் பக்கத்தில், நீண்டு விறைத்த பலசுவர்க் குழாய்கள் கல்நார் இழைகளைப்போல் நடந்துகொள்ளக்கூடும் என்ற கவலை உண்டு. அவற்றில் ஒரு வகையை 2014இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. பொடியாகக் கையாளும்போது காற்றில் பறக்கவிடாதீர்கள்.

டிஹைட்ரஜனேஸ் நொதி உணரி என்றால் முதலில் நானோகுழாயை முயன்று பார்ப்பேன். அண்மை அகச்சிவப்பு ஒளிர்வு தேவைப்படும் உடலுக்குள்ளான உணரி ஆய்வுகளுக்கும் ஒற்றைச்சுவர்க் குழாய்க்கு இணை குறைவு. அது ஒளி மங்காமல் நீண்ட நேரம் தாங்கும். மற்றபடி என் கை தானாக அதை நோக்கிப் போவதில்லை.

## கிராஃபீன் குடும்பம்

கிராஃபீன் என்ற ஒரு பொருளை யாரும் கடையில் வாங்குவதில்லை. 2004இல் கெய்மும் நோவோசெலோவும் பிரித்தெடுத்த ஓரணுத் தடிமனுள்ள தாள் ஒன்று. ஆவிப்படிவு முறையில் செப்புத் தகட்டில் வளர்க்கும் படலம் வேறொன்று. கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றிப் பிரிக்கும் கிராஃபீன் ஆக்சைடும், அதை ஒடுக்கிப் பெறுவதும் இன்னும் இரண்டு. பாலிஇமைடு என்ற நெகிழிப் படலத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை ஓட்டி எழுதும் லேசர் கிராஃபீனை 2014இல் ஜேம்ஸ் டூர் குழு அறிமுகப்படுத்தியது. ஐந்துக்கும் ஒரே பெயர், குணம் ஐந்து விதம்.

பொடியாக விற்பவற்றின் நிலை இன்னும் மோசம். அறுபது நிறுவனங்களின் மாதிரிகளைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வு, பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டது. மீதி நுண்ணிய கிராஃபைட் துணுக்குகள். இதையும் தாண்டி 2020இல் மார்ட்டின் புமேரா குழு ஒரு குறும்பு செய்தது: கிராஃபீனில் பறவை எச்சத்தைக் கலந்து சூடாக்கியது. வினையூக்கத் திறன் கூடியது! எதைச் சேர்த்தாலும் கூடும் என்றால், "நாங்கள் சேர்த்ததால் கூடியது" என்ற வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி.

இந்தக் குடும்பத்தில் எனக்கு நம்பிக்கை தருபவை இரண்டு. ஒன்று, கிராஃபீன் ஆக்சைடை ஒளியணைப்பானாகப் பயன்படுத்தும் முறை. ஒளிரும் சாயம் ஒட்டிய ஒற்றை இழை டிஎன்ஏ அதன் மேல் படிந்ததும் ஒளி அணைகிறது. இலக்கு இழை வந்து இணைந்தால் இரட்டை இழை தாளை விட்டு விலகுகிறது, ஒளி திரும்புகிறது. கரைசலில் கலந்தால் போதும், எதையும் நிலைநிறுத்த வேண்டாம். குறை என்னவென்றால், சீரத்திலுள்ள புரதங்களும் இழையைப் பெயர்த்துவிட்டுப் பொய்யாக ஒளியூட்டும். மற்றொன்று லேசர் கிராஃபீன். பூசுவதும் துளி விடுவதும் காய வைப்பதும் அதில் இல்லை. லேசரின் திறனையும் வேகத்தையும் பிடித்துவைத்தால் இருபது மின்முனைகள் ஏறக்குறைய ஒன்றாக வரும். சீர்மை என்ற அளவுகோலில் துளி விட்டுச் செய்யும் எந்தப் பூச்சும் அதனிடம் தோற்கும்.

கிராஃபீன் டிரான்சிஸ்டர் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு புரதம் வந்து உட்கார்ந்தால் அதன் மின்னூட்டத்தைத் தாள் நேரடியாக உணரும். சாயம் வேண்டாம், நொதி வேண்டாம். கேட்க இனிக்கிறது. ஆனால் உப்புள்ள நீரில் அயனிகள் எந்த மின்னூட்டத்தையும் சூழ்ந்து மறைத்துவிடும். மறைக்காமல் எட்டும் தொலைவுக்கு டிபை நீளம் என்று பெயர். இரத்தத்தின் உப்புச் செறிவில் அது ஏறக்குறைய 0.8 நானோமீட்டர். எதிர்ப்பொருளின் உயரமோ சுமார் 10 நானோமீட்டர். அதன் உச்சியில் பிடிபட்ட இலக்கின் மின்னூட்டம் தாளுக்கு எட்டவே எட்டாது. மாதிரியை நூறு மடங்கு நீர்த்தால் டிபை நீளம் பத்து மடங்காகும். அப்போது ஓரளவு எட்டும், ஆனால் இலக்கும் நூறில் ஒன்றாகிவிடும். குட்டையான டிஎன்ஏ இழைகள், துண்டாக்கிய எதிர்ப்பொருள்கள், பாலிமர் அடுக்கு என்று வழிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கண்டறியும் எல்லையைத் தூக்கிப் பிடிக்கும் கட்டுரையைப் பார்த்தால், அளந்த கரைசலின் உப்புச் செறிவு என்ன என்பதை முதலில் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் செய்முறைப் பகுதியில் ஒரு வரியில் ஒளிந்திருக்கும்.

## குவாண்டம் புள்ளிகள்

குவாண்டம் புள்ளி என்பது ஒளிரும் குறைகடத்தி நானோபடிகம். காட்மியம் செலினைடு துகளை 2 நானோமீட்டரிலிருந்து 6 நானோமீட்டர் வரை வளர்த்தால் ஒளிர்வு நீலத்திலிருந்து சிவப்புக்கு நகரும். இந்தத் துறைக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உணரிக்கு இவற்றால் வரும் நன்மை ஒன்றுதான், ஆனால் அது பெரியது: ஒரே ஒளியால் தூண்டி, ஐந்தாறு நிறங்களைத் தனித்தனியே படிக்கலாம். ஒவ்வொரு நிறத்தின் பட்டையும் குறுகலானது, சாயத்தைப்போலச் சீக்கிரம் வெளுத்துவிடாது.

ஒரே இலக்கை மட்டும் தேடுபவருக்கு இந்த நன்மை பயனில்லை; காட்மியத்தின் நச்சை மட்டும் சுமக்க நேரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுப் பொருள் விதிகள் காட்மியத்துக்கு எடையில் 0.01 சதவீத வரம்பு வைத்திருக்கின்றன. தூக்கி எறியும் சோதனைப் பொருளில் அதைப் போட நினைப்பவர் முதலிலேயே இதை யோசிக்க வேண்டும். இண்டியம் பாஸ்பைடு, கார்பன் புள்ளிகள் என்று மாற்றுகள் இருக்கின்றன. கார்பன் புள்ளிகளை எதிலிருந்தும் செய்துவிடலாம் என்பது அவற்றின் கவர்ச்சி. எதிலிருந்து செய்தாலும் ஒளிர்வது எந்தப் பகுதி என்று சொல்ல முடியாமல் திணறுவது அவற்றின் தொல்லை.

## காந்தத் துகள்கள்

பட்டியலில் கடைசியில் வருகிறது, பாராட்டும் குறைவு. ஆனால் உண்மையான மாதிரியோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உயிரியல் நீர்மங்களில் காந்தப் பின்னணி கிட்டத்தட்டக் கிடையாது. எதிர்ப்பொருள் ஒட்டிய இரும்பு ஆக்சைடு துகள்களை ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் கலந்து, காந்தத்தால் ஓரமாக இழுத்து, ஆல்புமினைக் கொட்டிவிட்டு, 50 மைக்ரோலிட்டர் தூய நீர்மத்தில் திரும்பக் கலக்குங்கள். இலக்கு முழுவதும் பிடிபட்டால் செறிவு இருபது மடங்கு, குப்பை வெளியே. துகளே இலக்கைத் தேடிப் போவதால் மேலே சொன்ன காத்திருப்புச் சிக்கலும் பெருமளவு தீரும்.

மிகச் சிறிய துகள்கள் காந்தத்துக்கு மெதுவாகத்தான் வரும். ஆகையால் நானோபடிகங்களைப் பாலிமரில் பொதிந்த பெரிய மணிகளையே பலரும் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு பொறி: இரும்பு ஆக்சைடு துகள்கள் பெராக்சிடேஸ் நொதிபோல் நடந்துகொள்ளும் என்று 2007இல் சீன ஆய்வுக் குழு ஒன்று காட்டியது. அதையே உணரியாக்கியவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் உண்மையான பெராக்சிடேஸை நிறம் தரும் அடையாளமாக வைத்திருந்தால், துகளே பொய்யாக நிறத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

## ஒரே பார்வையில்

| பொருள் | எதில் வலு | எங்கே கடிக்கும் | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|
| வெற்று மின்முனை + இடையூர்தி | எளிமை, சீர்மை | மிகக் குறைந்த செறிவு | இலக்கு மைக்ரோமோலாருக்கு மேல் |
| தங்கம் | கண்ணுக்குத் தெரியும் நிறம் | உப்பில் திரளும் | பட்டைச் சோதனை |
| நானோகுழாய் | குறைந்த மின்னழுத்தம் | தொகுதிக்குத் தொகுதி மாறும் | என்ஏடிஎச், பெராக்சைடு |
| கிராஃபீன் ஆக்சைடு | ஒளியணைப்பு | சீரப் புரதங்கள் | தூய்மைப்படுத்திய டிஎன்ஏ |
| லேசர் கிராஃபீன் | சீரான மின்முனை | ஒட்டும் வேதியியல் தனியே தேவை | நிறைய மின்முனை, வளையும் தளம் |
| கிராஃபீன் டிரான்சிஸ்டர் | அடையாளச் சாயம் வேண்டாம் | டிபை நீளம் | உப்புக் குறைந்த நீர்மம் |
| குவாண்டம் புள்ளி | பல இலக்கு, பல நிறம் | காட்மியம் | ஒரே குழாயில் ஐந்து இலக்கு |
| காந்தத் துகள் | பிரித்தல், செறிவூட்டல் | கூடுதல் படி, காந்தம் | சீரம், பால், கழிவுநீர் |

அட்டவணையில் காந்தத் துகளை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைத்தது கொஞ்சம் அநியாயம். மற்றவை சமிக்ஞையைப் பெருக்குகின்றன, இது மாதிரியைச் சுத்தம் செய்கிறது. அதனாலேயே வேறொன்றோடு சேர்ந்தால் பொருந்தும்: காந்தத்தால் பிரித்து, அச்சிட்ட சாதாரண கார்பன் மின்முனையில் படிப்பது நான் பார்த்தவற்றில் குறைவாகத் தொல்லை தரும் கூட்டணி.

## கலப்பு அடுக்குகள் பற்றி

"தங்கம், ஒடுக்கிய கிராஃபீன் ஆக்சைடு, கைட்டோசான் மூன்றையும் போட்டால் மூன்றின் நன்மையும் வராதா?" என்ற கேள்வி எப்படியும் வரும். வரலாம். சிதறலும் சேர்ந்தே வரும். ஒவ்வோர் அடுக்கும் தன் பங்குக்கு 10 சதவீதம் ஏற்ற இறக்கம் கொடுத்து, அவை ஒன்றையொன்று சாராமல் இருந்தால், உயிர்மூலக்கூறோடு சேர்த்து நான்கு அடுக்குகள் முடியும்போது சிதறல் 20 சதவீதம். உங்கள் நோயாளிக்கும் நலமானவருக்கும் இடையிலான வித்தியாசமே 20 சதவீதம் என்றால், உணரி கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

அதோடு, எது எதைச் செய்தது என்று காட்டியாக வேண்டும். மூன்று பொருள்களையும் போட்டும் விட்டும் பார்க்க எட்டு வகை மின்முனைகள் வேண்டும். வகைக்கு ஐந்து என்றால் நாற்பது. இவை அனைத்தையும் ஒரே நாள் தயாரித்த கரைசலில், அதே மாதிரியில் அளக்க வேண்டும். பரப்பு கூடியதால் மட்டும் கூடிய மின்னோட்டத்தை வினையூக்கம் என்று எண்ணிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் செயல்படும் பரப்பையும் தனியே அளந்து வகுக்க வேண்டும். நாற்பதைச் செய்யப் பொறுமை இல்லையென்றால் ஒரு பொருளை எடுத்துவிடுங்கள், இருபதே போதும்.